ஆட்ட மேசைக்கு அருகே சாப்பாட்டுக்கும் ஓர் இடம் வேண்டும்

நம் மேசை விளையாட்டு கிளப்பின் நிர்வாகக் குழுவினருக்கு,

அரங்கின் கதவில் நீங்கள் ஒட்டியிருக்கும் புது அறிவிப்பை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வெளியிலிருந்து உணவோ பானமோ அரங்குக்குள் வரக் கூடாது, வேண்டியதைக் கவுண்டரில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு மேசையிலும் சானிடைசர் வைக்கப்பட்டுள்ளது. இவ்வளவுதான் அதில் இருக்கிறது. இதை முடிவு செய்யும் முன் உறுப்பினர்கள் யாரிடமும் நீங்கள் கேட்கவில்லை. வாராவாரம் செஷன், அதாவது ஆட்ட அமர்வு, நடத்திக் கதையை வழிநடத்தும் கேம் மாஸ்டர்களிடமும் கேட்கவில்லை. நானும் அவர்களில் ஒருத்தி.

இந்தத் தடை எதனால் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கிளப் அலமாரியில் இருந்த விலை உயர்ந்த ஒரு போர்டு கேம்மீது குளிர்பானம் கொட்டிவிட்டது. அது நடந்தபோது நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். போர்டு மேசையை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. ஆடியவர்களின் தனித்தனி அட்டைகள் நான்கும் விளிம்பு வரை வந்திருந்தன. கப்பை வைக்க மிச்சமிருந்த இடம் டோக்கன் தட்டுக்கும் மேசை ஓரத்துக்கும் நடுவே ஒரு கையகலம்தான். உருண்டுபோன டைஸை எடுக்க ஒருவர் கையை நீட்டினார், முழங்கை இடித்தது, கப் சாய்ந்தது. பதறிப்போய் எல்லோரும் கார்டுகளைத் தூக்கினார்கள். அதற்குள் அடுக்கின் அடிப்பாதி நனைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் டைல் எனும் தடித்த அட்டைத் துண்டுகளின் ஓரம் உப்பி, அச்சிட்ட தாள் அட்டையிலிருந்து பிரிந்து சுருண்டது. அந்த கேம் இப்போது அச்சில் இல்லை, புதிதாக வாங்கவும் முடியாது. உங்களுக்கு வந்த கோபத்தில் நியாயம் இருக்கிறது.

எண்ணெய்க் கறை விஷயத்திலும் நான் உங்கள் பக்கம்தான். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கார்டின் பின்புறம் ஒரு விரல்ரேகை அளவுக்குக் கறை விழுந்தால் போதும், அடுத்த ஆட்டத்தில் அந்தக் கார்டு யார் கையில் இருக்கிறது என்பது எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். மறைத்து ஆட வேண்டிய ஆட்டத்தில் அப்புறம் என்ன மிச்சமிருக்கிறது? கார்டுக்கு ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறை போட்டால் காப்பாற்றிவிடலாம் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஸ்லீவின் ஒரு பக்கம் திறந்துதான் இருக்கும். அதன் வழியே திரவம் உள்ளே போய்விட்டால் பிளாஸ்டிக்குக்கும் கார்டுக்கும் நடுவே தங்கிக்கொள்ளும், காயாது. பூச்சு இல்லாத மரத்துண்டுகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். இதெல்லாம் தெரியாமல் நான் எழுதவில்லை.

ஆனால் அன்று கொட்டிய பானம் யார் வீட்டிலிருந்தும் வந்ததில்லை. நம் கவுண்டரில் வாங்கியது, மூடி இல்லாத காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்தது. தடை போட்ட பிறகும் அதே கப்பில்தான் விற்கிறீர்கள். கூடவே சீஸ் பொடி தூவிய சிப்ஸ், கையில் பிடித்தால் உருகும் சாக்லேட், எனர்ஜி டிரிங்க். மேசை விளையாட்டுக்கு ஆகவே ஆகாத தின்பண்டம் எது என்று எந்த கேம் மாஸ்டரைக் கேட்டாலும் முதலில் அந்தப் பொடி தூவிய சிப்ஸைத்தான் சொல்வார். அந்த ஆரஞ்சுப் பொடி விரல் நுனியில் ஒட்டி, நக இடுக்கில் இறங்கிவிடும். துடைத்தாலும் போகாது. பலர் விரலை நக்கிவிட்டு அதே கையால் கார்டை எடுப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வீட்டிலிருந்து ஒருவர் டப்பாவில் போட்டுக் கொண்டுவரும் உலர்ந்த பிஸ்கட்டைத் தடுத்துவிட்டு, இதை விற்றால் கேம்களை எப்படிக் காப்பாற்ற முடியும்?

சானிடைசர் விஷயமும் அப்படித்தான். அது கிருமியைக் கொல்லும், அழுக்கை எடுக்காது. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள விரலில் அந்த ஜெல்லைத் தேய்த்தால் பிசுக்கு உள்ளங்கை முழுக்கப் பரவும். கை பிசுபிசுப்பாக இருந்தால் கிருமியைக் கொல்லும் வேலையைக்கூட அது சரியாகச் செய்யாது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நிலக்கடலை வெண்ணெய் பட்ட கைகளை எதெது சுத்தம் செய்கிறது என்று பார்த்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. சோப்பு போட்டுக் கழுவிய கைகளிலும், ஈரத் துடைப்பான்களால் துடைத்த கைகளிலும் ஒவ்வாமை தரும் கடலைப் புரதம் போயிருந்தது. வெறும் தண்ணீரில் கழுவியவர்களிலும் சானிடைசர் தேய்த்தவர்களிலும் சிலர் கையில் அது மிச்சமிருந்தது. நம் அரங்கின் வாஷ்பேசினில் சோப்பு டப்பா பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. மேசைதோறும் சானிடைசர் வைத்த செலவில் ஒரு பகுதி அங்கே போயிருந்தால் கார்டுகளுக்கும் நல்லது, ஆட்களுக்கும் நல்லது.

இவ்வளவையும் கூட்டத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெளிப்படையாக எழுத வைத்தது வேறொரு சம்பவம்.

எங்கள் குழுவில் ஆடும் ஒரு தோழிக்கு டைப் 1 சர்க்கரை நோய். அன்று கதையின் முக்கியமான சண்டை நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் எழுந்து நின்று டைஸ் உருட்டிக்கொண்டிருந்தோம். அவருடைய போனில் சர்க்கரை இறங்குகிறது என்று அலாரம் அடித்தது. அவர் பதறவில்லை, இது அவருக்குப் பழக்கம். பையிலிருந்து ஒரு சின்ன ஜூஸ் பாக்கெட்டை எடுத்து ஸ்ட்ராவைக் குத்தினார். அதற்குள் தன்னார்வலர் ஒருவர் வந்து, உங்கள் அறிவிப்பைக் காட்டி, வெளியே போய்க் குடிக்கும்படி சொன்னார். தோழி விளக்கினார். நடுங்கும் கையில் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, தன் நோயைப் பற்றி முன்பின் தெரியாதவரிடம் விளக்கினார். அவரோ விதி விதிதான் என்றார். கடைசியில் தோழி படிக்கட்டில் போய் உட்கார்ந்துதான் குடித்தார். நானும் கூடப் போய் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அவர் செஷனுக்கு வரவில்லை.

ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் என்ன செய்ய வேண்டும் என்று நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கும் முறை எளிமையானது. சர்க்கரை போல உடலில் வேகமாகச் சேரும் கார்போஹைட்ரேட் 15 கிராம் சாப்பிட வேண்டும், 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் திரும்பவும் சாப்பிட வேண்டும். இதில் காத்திருக்க நேரம் கிடையாது. தலைசுற்றலும் குழப்பமும் வரக்கூடிய அந்த நேரத்தில் ஒருவரை எழுந்து படியிறங்கச் சொல்வது ஆபத்து. அந்தத் தன்னார்வலரை நான் குறை சொல்லவில்லை, அவர் இளைஞர், நீங்கள் எழுதியதை அப்படியே நிறைவேற்றினார். விதிவிலக்கு என்று ஒரு வார்த்தைகூட அதில் இல்லாதபோது அவர் என்ன செய்வார்? அந்த வார்த்தையை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

அந்தத் தோழி ஒருவருக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை இது. எங்கள் மேசைக்கு வரும் ஒரு பையனுக்கு நிலக்கடலை ஆகாது. இன்னொருவருக்குக் கோதுமை ஆகாது, செலியாக் நோய். இதுவரை எங்களுக்கு இது ஒரு சுமையாகவே இருந்ததில்லை. யாருக்கு எது ஆகாது என்று செஷன் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வோம். அதன்படிதான் கொண்டுவருவோம். பொட்டலத்தைப் பிரித்தாலும் பொருட்பட்டியல் அச்சிட்ட பக்கத்தை வெட்டிக் கிண்ணத்தின் பக்கத்தில் வைப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களை உணவு விற்பவர் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொட்டலம் கட்டாமல் விற்கும் உணவுக்கும் அது பொருந்தும். அமெரிக்காவுக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு, 2023 முதல் எள்ளையும் சேர்த்து அதில் ஒன்பது வகை. நம் கவுண்டரில் பெரிய பாக்கெட்டுகளைப் பிரித்துக் கண்ணாடி ஜாடியில் கொட்டி, ஒரே கரண்டியால் கடலையையும் சிப்ஸையும் அள்ளிக் கொடுக்கிறார்கள். எதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அங்கே நிற்பவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பையன் தன் சொந்த டப்பாவைக் கொண்டுவரக் கூடாது, கவுண்டரில் எதையும் நம்பி வாங்கவும் முடியாது என்றால், அவன் நான்கு மணி நேரம் பட்டினியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான்கு மணி நேரம் என்று குறைத்துத்தான் எழுதுகிறேன், பல செஷன்கள் அதைத் தாண்டும். வேலை முடிந்து நேராக வருபவர்கள் பாதிப் பேர். பசியோடு இருப்பவர் அவசரமாக முடிவெடுப்பார், விதியைத் தப்பாகப் படிப்பார், சின்ன விஷயத்துக்குச் சிடுசிடுப்பார். மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து கதை நடத்துகிறவளுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டாவது மணி நேரத்தின் முடிவில் குரல்கள் உயர ஆரம்பித்தால் நான் கதையில் பிழை தேடுவதில்லை, யார் சாப்பிடவில்லை என்று பார்ப்பேன். எனர்ஜி டிரிங்க் இதைச் சரிசெய்யாது. 250 மில்லி கேனில் பொதுவாக 80 மில்லிகிராம் காஃபின் இருக்கும், பெரிய கேனில் அதற்கு இரட்டிப்பு. குடித்ததில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு நேர செஷனுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் விற்கிற ஒரே 'ஊட்டம்' அதுதான் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

தடை இல்லாத காலத்தில் எங்கள் குழுவில் சாப்பாடு எப்படி நடந்தது என்று நீங்கள் வந்து பார்த்ததில்லை. அதனால் சொல்கிறேன். ஆட்ட மேசையில் தட்டே வராது. நாற்காலிகளுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில், இரண்டு பேருக்கு ஒரு ஸ்டூல். தட்டும் தண்ணீரும் அதில்தான். அது மேசையை விடத் தாழ்வாக இருப்பதால் சாய்ந்தாலும் தரையில்தான் கொட்டும், போர்டில் ஏறாது. பாட்டில் என்றால் திருகு மூடி, கப் என்றால் மூடியும் உறிஞ்சு துவாரமும். கொண்டுவரும் பண்டம் உலர்ந்ததாக, பொடி உதிராததாக, ஒரே வாயில் போடக்கூடியதாக இருக்க வேண்டும். திராட்சை, ஆப்பிள் துண்டு, காரட், உப்பு பிஸ்கட், சீஸ் கட்டி இதெல்லாம் சரி. சாஸ், சூப், கையால் பிய்த்துச் சாப்பிடுவது எல்லாம் இடைவேளையில், வேறு மேசையில். யாராவது ஆசையாகச் சிப்ஸ் கொண்டுவந்துவிட்டால் ஒரு ஜோடி சாப்ஸ்டிக்கும் கூடவே வரும். உலகம் முழுக்க மேசை விளையாட்டுக்காரர்கள் செய்கிற ஏற்பாடுதான் இது. சிப்ஸைக் குச்சியால் எடுத்து வாயில் போட்டால் விரல் சுத்தமாக இருக்கும், கார்டும் சுத்தமாக இருக்கும். பழகாதவர்களுக்குக் கிளிப் போல இணைத்த குச்சி உண்டு. ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று. நறுக்கிய பழமும் பால் பொருளும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் எடுத்துவிடுவோம். சின்னப் பிள்ளைகள் வரும் நாளில் முழுக் கடலை வகையும் பாப்கார்னும் கிடையாது, தொண்டையில் அடைக்கும். மரக் கட்டைகளைப் போலவே இருக்கும் மிட்டாயும் கிடையாது, தவறி எதையாவது வாயில் போட்டுவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டில் கிளப்பின் ஒரு கார்டுகூட எங்கள் மேசையில் கெட்டதில்லை.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாண்ட்விச் பட்டத்தின் நான்காம் பிரபுவான ஜான் மாண்டேகு, சூதாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாமல் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. இல்லை, வேலை பார்க்கும் மேசையில்தான் அவர் அப்படிச் சாப்பிட்டிருப்பார் என்று சொல்லும் வரலாற்றாசிரியரும் உண்டு. எதுவானாலும் அந்த உணவின் வசதி ஒன்றுதான். ஒரு கை போதும், கொழுப்பு விரலில் படாது, மறு கை வேலைக்குத் தயாராக இருக்கும். மேசையையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்து எதைச் சாப்பிடலாம் என்று யோசிப்பவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். நீங்கள் எங்களிடம் கேட்டிருந்தால் அந்த யோசனை கையிலேயே கிடைத்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வருபவர்கள் முதல் நாள் வாயே திறக்க மாட்டார்கள். விதிகள் தெரியாது, யார் யார் என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவர் டப்பாவை நீட்டி 'எடுத்துக்கோங்க' என்றதும்தான் பேச்சு ஆரம்பிக்கும். எங்கள் குழுவில் முறை வைத்துக் கொண்டுவருவோம். வசதி இல்லாதவர் கொண்டுவராவிட்டாலும் யாரும் கேட்பதில்லை, அவர் மேசையைத் துடைப்பார், கேமை எடுத்து வைப்பார். இப்போது ஒவ்வொருவரும் கவுண்டரில் தனித்தனியாக வாங்க வேண்டும். வாங்க முடியாதவர் யார் என்பது மேசையில் இருக்கும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. மாணவர்கள் இரண்டு பேர் இடைவேளையில் கவுண்டர் பக்கமே போகாமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன். கவுண்டர் வருமானத்தில்தான் வாடகையின் ஒரு பகுதி போகிறது என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். அது உண்மையாக இருந்தால் கணக்கைக் காட்டி உறுப்பினர் கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தக் கேளுங்கள், பேசி முடிவெடுப்போம். கேம்களின் பாதுகாப்பு என்ற பெயரில் அதைச் செய்யாதீர்கள்.

நான் கேட்பவை இவை.

முதலாவது, உடனடியாக, அடுத்த கூட்டம் வரை காத்திராமல் செய்ய வேண்டியது: மருத்துவக் காரணத்துக்காகச் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டியவர்கள் எந்த மேசையிலும் எந்த நேரத்திலும் அதைச் செய்யலாம், அவர்களிடம் யாரும் காரணம் கேட்கக் கூடாது என்று அந்த அறிவிப்பிலேயே எழுதுங்கள். தன்னார்வலர்கள் ஒவ்வொருவருக்கும் நேரில் சொல்லுங்கள். அந்தத் தோழியிடம் நிர்வாகக் குழுவின் சார்பில் வருத்தம் தெரிவியுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் நான் தொடர்பு ஏற்படுத்தித் தருகிறேன்.

வீட்டு உணவுக்கான தடையை நிறுத்தி வையுங்கள். அதற்குப் பதிலாக எங்கள் குழுவில் பின்பற்றும் முறையை எல்லா மேசைகளுக்கும் விதியாக்குங்கள். உலர்ந்த, பொடி உதிராத பண்டம் மட்டும், மூடியுள்ள பாட்டில் அல்லது கப் மட்டும், தட்டு ஆட்ட மேசையில் வரக் கூடாது. இதை மீறுபவருக்கு நீங்கள் என்ன கட்டுப்பாடு விதித்தாலும் நான் ஆதரிப்பேன். அச்சில் இல்லாத கேம்களுக்கும் விலை அதிகமான கேம்களுக்கும் உணவே இல்லாத இரண்டு மேசைகளைத் தனியாக ஒதுக்குங்கள், அதற்கும் முழு சம்மதம்.

மேசைகளுக்கு நடுவே வைக்கத் தாழ்வான ஸ்டூல்கள் வாங்குங்கள். பண்டகசாலையில் உடைந்த நாற்காலிகளோடு கிடக்கும் பலகைகளை வைத்தே பாதியைச் செய்துவிடலாம், செய்துதர எங்கள் குழுவில் ஆள் இருக்கிறது. வாஷ்பேசினில் சோப்பு தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேசைகளில் சானிடைசருக்குப் பதில் ஈரத் துடைப்பான்களை வையுங்கள்.

கவுண்டரில் மூடி இல்லாத கப்பில் விற்பதையும் பொடி தூவிய சிப்ஸையும் நிறுத்துங்கள். ஜாடியில் கொட்டி விற்பதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி போட்டு, பொருட்பட்டியலை மேலே ஒட்டுங்கள். சர்க்கரை சேர்க்காத ஒன்றாவது, பழம் ஒன்றாவது விற்பனையில் இருக்கட்டும்.

மாலை செஷன்களுக்கு நடுவே எல்லா மேசைகளுக்கும் பொதுவாக அரை மணி நேர இடைவேளை அறிவியுங்கள். வயிறாரச் சாப்பிட வேண்டியவர்கள் அப்போது முன்கூடத்தில் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வரலாம்.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு முன் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். இதில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அந்தக் கூட்டத்தில் கேம் மாஸ்டர்கள் பேச நேரம் ஒதுக்குங்கள். நான் வருகிறேன், ஸ்டூல் ஒன்றையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கிளப்பின் கேம் மாஸ்டர்களில் ஒருத்தி